நரம்புச் சோதனையை யார் செய்யலாம், அறிக்கையில் யார் கையொப்பமிட வேண்டும்?

கைவிரல்கள் மரத்துப்போகின்றன. பாதம் எரிகிறது. காலிலிருந்து செருப்பு கழன்றதுகூடத் தெரியவில்லை. இத்தகைய குறைகளுடன் வருபவருக்கு மருத்துவர் ‘நரம்புச் சோதனை’ எழுதித் தருவது வழக்கம். ஐயப்பன்தாங்கலில் வசிக்கும் ஒருவர் அந்தச் சீட்டுடன் புறப்பட்டால், போரூருக்கும் பூந்தமல்லிக்கும் இடைப்பட்ட சாலையிலேயே மருத்துவமனைகள், நோயறி மையங்கள், தனி மருத்துவரகங்கள், இயன்முறைச் சிகிச்சை நிலையங்கள் எனப் பலவற்றைக் காண்பார். சோதனைக்கான கருவி எங்கும் ஏறக்குறைய ஒன்றே. அக்கருவியை இயக்குபவரும் அது வரைந்ததைப் படித்து முடிவு சொல்பவரும் இடத்துக்கு இடம் வேறுபடுகிறார்கள். சோதனை செய்துகொள்ளும் முன் அவர்கள் யார் என்று அறிந்துகொள்வது உங்கள் உரிமை. அதற்கு உதவவே இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது.

எந்தச் சோதனையைப் பற்றிப் பேசுகிறோம்?

மருத்துவச் சீட்டில் ‘என்.சி.எஸ்.’ அல்லது ‘என்.சி.வி.’ என்று எழுதியிருந்தால், அது நரம்புக் கடத்தல் சோதனை. தோலின் மேல் மின்முனைகளை ஒட்டி, நரம்பின் மீது சிறு மின்தூண்டல் கொடுத்து, அத்தூண்டல் எவ்வளவு விரைவாகவும் எவ்வளவு வலுவுடனும் கடந்து செல்கிறது என்று இதில் அளக்கிறார்கள். சுருக்கென்ற உணர்வு ஏற்படும், ஊசி குத்துவதில்லை.

‘இ.எம்.ஜி.’ என்று எழுதியிருந்தால், அது தசை மின்வரைவுச் சோதனை. மெல்லிய ஊசி வடிவ மின்முனையைத் தசைக்குள் செலுத்தி, தசை ஓய்வில் இருக்கும்போதும் சுருங்கும்போதும் எழும் மின்னலைகளைத் திரையில் பார்த்தும் ஒலியாகக் கேட்டும் ஆராய்கிறார்கள். பலருக்கு இவ்விரு சோதனைகளும் ஒரே அமர்வில் செய்யப்படுகின்றன.

நீரிழிவு முகாம்களில் பாதத்தில் அதிர்வுக் கருவி வைத்தோ, நைலான் இழையால் தொட்டோ பார்ப்பதையும் மக்கள் ‘நரம்பு டெஸ்ட்’ என்றே சொல்கிறார்கள். பாதத்தின் உணர்வு குறைந்துள்ளதா என்று சலித்தெடுக்க அது பயனுள்ள முறை. ஆனால் அது மேற்கூறிய சோதனைகளுக்கு மாற்றாகாது. எந்த நரம்பு, எந்த இடத்தில், எந்த வகையில் பாதிக்கப்பட்டுள்ளது என்பதை அது காட்டாது.

கருவியே எண்களைத் தருகிறதே, ஆள் ஏன் முக்கியம்?

சர்க்கரை அளவைக் காட்டும் கருவியைப் போன்றதன்று இது. இங்கே எண் சரியாக வருவதும் அதன் பொருள் சரியாகப் புரிவதும் மனிதரின் திறனைச் சார்ந்தவை.

ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். முன்கை நரம்பில் இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம் 24 சென்டிமீட்டர். அதைக் கடக்கத் தூண்டலுக்கு 4.6 மில்லி விநாடி ஆகிறது. வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 52 மீட்டர். கை நரம்புகளில் விநாடிக்கு 50 மீட்டரும் அதற்கு மேலும் பொதுவாக இயல்பானவை. எனவே இவருக்குக் குறையில்லை. ஆனால் நாடாவை வைத்து அளந்தவர் கவனக்குறைவாக 22 சென்டிமீட்டர் என்று பதிந்திருந்தால், அதே கையின் வேகம் 48 மீட்டருக்கும் சற்றுக் குறைவாகிவிடும். நலமான நரம்பு நோயுற்றதாக அறிக்கையில் வந்து சேரும்.

குளிர்ச்சியும் இவ்வாறே ஏமாற்றும். தோலின் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் குறைந்தால், கடத்தல் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் குறைகிறது. குளிரூட்டிய அறையில் நெடுநேரம் காத்திருந்தவரின் குளிர்ந்த கையைச் சூடேற்றாமல் சோதித்தால், இல்லாத நோய் இருப்பதாகத் தோன்றலாம். பயிற்சி பெற்ற நுட்பநர் கையின் வெப்பநிலையை அளந்து, 32 டிகிரி அளவுக்குக் கொண்டுவந்த பிறகே சோதனையைத் தொடங்குவார்.

அளவுகள் சரியாக இருந்தாலும் பொருள் காண்பது தனிக்கலை. சிலருக்கு முன்கையின் இரு நரம்புகளுக்கு இடையே பிறவியிலேயே ஓர் இணைப்பு இருக்கும். அது நோயன்று. அதை அறியாதவர் அந்த வரைவைப் பார்த்தால் நரம்பில் அடைப்பு என்று எழுதிவிடக்கூடும். மறுபுறம், மிக நுண்ணிய நரம்பிழைகள் மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால், பாதம் தீயாய் எரிந்தாலும் கடத்தல் சோதனை இயல்பாகவே வரும். ‘எல்லாம் சரியாக உள்ளது’ என்று சொல்லி அவரை அனுப்பிவிடுவது தவறாகும்.

இந்த வேறுபாடுகளின் விளைவு சிறியதன்று. விரல் மரத்துப்போவதற்கு மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுவது காரணமாகலாம். முழங்கையில் அழுத்தப்படுவதும் ஆகலாம். கழுத்தெலும்பின் இடைத்தட்டு விலகியதாலோ, நீரிழிவாலோ, பி12 உயிர்ச்சத்துக் குறைவாலோகூட அது வரலாம். ஒன்றுக்கு அறுவைச் சிகிச்சை, மற்றொன்றுக்கு ஊசி மருந்து, வேறொன்றுக்குச் சர்க்கரைக் கட்டுப்பாடு. அறிக்கை பிழையானால், தேவையற்ற அறுவைக்கு ஒருவர் உட்படலாம். தேவையான சிகிச்சை இன்னொருவருக்குத் தள்ளிப்போகலாம்.

இதற்கெனத் தனி உரிமம் உண்டா?

எக்ஸ்ரே கருவியை நிறுவ அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி தேவை. ஸ்கேன் மையங்கள் 1994ஆம் ஆண்டின் கருவில் பாலினம் கண்டறிதல் தடைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற வேண்டும். நரம்புக் கடத்தல் சோதனையில் கதிர்வீச்சு இல்லை. இக்கருவியை இயக்குவதற்கென்று இந்தியாவில் அத்தகைய தனி உரிமமும் இல்லை. இத்துறை மருத்துவர்களுக்கு அமெரிக்காவில் தனித் தேர்வும் தனிச் சான்றும் உள்ளன. அங்கும் ஊசிச் சோதனையை யார் செய்யலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது.

தனி உரிமம் இல்லை என்பதால் யாரும் செய்யலாம் என்று பொருளாகாது. மூன்று சட்டங்கள் இணைந்து இங்கே எல்லையை வரைகின்றன.

முதலாவது, 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம். இச்சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, மாநிலப் பதிவேட்டிலோ தேசியப் பதிவேட்டிலோ பெயர் பெற்றவரே மருத்துவராகத் தொழில் செய்யலாம். மீறுவோருக்கு ஓராண்டு வரை சிறையோ, 5 இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். தமிழ்நாட்டில் இப்பதிவேட்டைத் தமிழ்நாடு மருத்துவ மன்றம் பேணுகிறது.

இரண்டாவது, 2021ஆம் ஆண்டின் துணைநிலை மற்றும் சுகாதார நலத் தொழில்வல்லுநர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம். இதன் அட்டவணையில், மூளை மின்வரைவு, தசை மின்வரைவு, நரம்பு ஆய்வக நுட்பநர்கள் பெயர் குறித்தே சேர்க்கப்பட்டுள்ளனர். இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பை முடித்துப் பட்டயமோ பட்டமோ பெற்றவரையே துணைநிலைத் தொழில்வல்லுநர் என்று இச்சட்டம் வரையறுக்கிறது. நோயறிதலுக்கும் சிகிச்சைக்கும் துணைநிற்பது அவர்களது பணி. சில நாள் பயிற்சியுடன் கருவியை இயக்க வந்தவர் இவ்வரையறைக்குள் வரமாட்டார்.

மூன்றாவது, 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம். இதற்கான விதிகள் 2018இல் வெளியாயின. மருத்துவமனை, மருத்துவரகம், நோயறி மையம் ஆகியவை இதன்கீழ்ப் பதிவு பெற வேண்டும். முந்தைய இரு சட்டங்களும் ஆட்களைப் பற்றியவை. இது இடத்தைப் பற்றியது. நிறுவனம் பதிவு பெற்றிருப்பதாலேயே அங்குள்ள ஒவ்வொருவரும் தகுதி பெற்றவர் ஆகிவிடமாட்டார்.

அறிக்கையில் கையொப்பம் எவ்வளவு பொருள் உள்ளது என்பதை உச்ச நீதிமன்றத்தின் ஓர் ஆணை உணர்த்துகிறது. குஜராத் நோய்க்குறியியல் ஆய்வகங்கள் தொடர்பான வழக்கில், ஆய்வக அறிக்கையில் மேலொப்பமிட நோய்க்குறியியலில் முதுநிலைத் தகுதி பெற்ற பதிவு மருத்துவருக்கே உரிமை உண்டு என்று 2017 டிசம்பரில் நீதிமன்றம் கூறியது. அது இரத்தம், திசு ஆகியவற்றை ஆராயும் ஆய்வகங்களைப் பற்றியது. நரம்புச் சோதனையைப் பற்றியதன்று. ஆயினும் கருவி தந்த முடிவுக்கு ஒரு மருத்துவர் பெயரிட்டுப் பொறுப்பேற்க வேண்டும் என்னும் நெறியை நீங்கள் இங்கும் அளவுகோலாகக் கொள்ளலாம்.

எந்த வேலையை யார் செய்யலாம்?

*மின்முனை ஒட்டி, கடத்தல் வேகத்தைப் பதிவு செய்தல்.* இதை மருத்துவர் செய்யலாம். அவரது மேற்பார்வையில் பயிற்சி பெற்ற நுட்பநரும் செய்யலாம். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இளநிலை நரம்பு மின் உடலியங்கியல் பட்டப்படிப்பு, பெங்களூரு நிமான்ஸ் நிறுவனத்தின் நரம்பு உடலியங்கியல் தொழில்நுட்பப் பட்டயப் படிப்பு முதலியவை இப்பணிக்கு ஆயத்தப்படுத்துகின்றன. நுட்பநர் சோதனை செய்வது குறையன்று. நன்கு பயின்ற நுட்பநரின் அளவீடே நல்ல அறிக்கையின் அடித்தளம்.

*தசைக்குள் ஊசி செலுத்தி ஆராய்தல்.* இதை மருத்துவரே செய்ய வேண்டும். முதல் தசையில் கண்டதைப் பொறுத்தே அடுத்து எந்தத் தசையைச் சோதிப்பது என்று அந்த நொடியில் முடிவெடுக்கிறார்கள். நோயாளியை உடல்ரீதியாகச் சோதிக்கும் திறனும் உடற்கூற்று அறிவும் இதற்கு வேண்டும். நெஞ்சுப் பகுதித் தசைகளில் ஊசி தவறினால் நுரையீரலைச் சூழ்ந்து காற்று புகும் இடர் உண்டு. நுட்பநர் மட்டும் இருக்கும் அறையில் ஊசிச் சோதனைக்கு உடன்படாதீர்கள்.

*வரைவைப் படித்து நோயின் பெயரை எழுதுதல்.* இது மருத்துவத் தொழிலின் மையப் பணி. பதிவு பெற்ற மருத்துவருக்கு உரியது. இதற்குப் பொருத்தமான பயிற்சி பெற்றவர்கள் பெரும்பாலும் நரம்பியலில் டி.எம். அல்லது டிஆர்.என்.பி. முடித்தவர்கள், உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வில் எம்.டி. முடித்தவர்கள். சில மருத்துவக் கல்லூரிகளில் உடலியங்கியல் துறை மருத்துவர்களும் இவ்வாய்வகங்களை நடத்துகிறார்கள். எம்.பி.பி.எஸ். பதிவு ஒருவரை மருத்துவராக்குகிறது. நரம்பு வரைவுகளைப் படிக்கும் பயிற்சி அதற்கு மேற்பட்டது.

இயன்முறைச் சிகிச்சையாளர்கள் 2021ஆம் ஆண்டின் சட்டத்தில் தனிப் பிரிவாக இடம்பெற்ற தொழில்வல்லுநர்கள். தசை எவ்வளவு செயல்படுகிறது, பயிற்சியால் முன்னேறுகிறதா என்று பார்க்க அவர்களும் மின்கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள். சிகிச்சையின் போக்கை அறிய அது உதவும். ஆனால் அறுவைச் சிகிச்சை, மருந்து, காப்பீடு, மாற்றுத்திறனாளிச் சான்று போன்றவற்றுக்கு அடிப்படையாகப் போகும் அறிக்கை என்றால், பதிவு பெற்ற சிறப்பு மருத்துவரின் கையொப்பத்தைக் கேட்டுப் பெறுங்கள்.

அறிக்கை கைக்கு வந்ததும் எதைப் பார்ப்பது?

1. உங்கள் பெயர், வயது, சோதனை நாள், எந்தக் கை அல்லது கால் என்பவை சரியாக உள்ளனவா?
2. சோதனை செய்தவரின் பெயரும் தகுதியும் உள்ளனவா?
3. முடிவு எழுதிய மருத்துவரின் பெயர், பட்டம், பதிவு எண், கையொப்பம் உள்ளனவா? மருந்துச் சீட்டிலும் சான்றுகளிலும் பற்றுச்சீட்டிலும் மருத்துவர் பதிவு எண்ணைக் குறிக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. அறிக்கையிலும் அதைக் கேட்பதில் தவறில்லை.
4. அளவுகளின் அட்டவணையும் அலைவரைவுகளும் இணைக்கப்பட்டுள்ளனவா? முடிவு வரி மட்டும் இருந்தால், இன்னொரு மருத்துவர் அதைச் சரிபார்க்க இயலாது.
5. கை அல்லது காலின் வெப்பநிலை குறிக்கப்பட்டுள்ளதா?
6. ‘கருவி தானாக உருவாக்கிய அறிக்கை’ என்ற குறிப்பு மட்டும் இருந்து, மருத்துவர் பெயர் இல்லாமல் உள்ளதா? அவ்வாறிருந்தால் அது முழுமை பெற்ற அறிக்கை அன்று. மருத்துவர் பார்த்துக் கையொப்பமிட்ட பின் தரும்படி கேளுங்கள்.

மருத்துவரின் பெயரைத் தமிழ்நாடு மருத்துவ மன்றத்தின் இணையதளப் பதிவேட்டில் நீங்களே தேடிப் பார்க்கலாம். உங்கள் மருத்துவ ஆவணங்களை மருத்துவரிடம் கேட்டால், அவர் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றும் 2002ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன.

நேரம் குறிக்கும்போது என்ன கேட்பது?

‘சோதனையை யார் செய்வார்? ஊசிச் சோதனையும் உண்டா? அதைச் செய்யும் மருத்துவர் யார்? அன்று அவர் இருப்பாரா? அறிக்கை எழுதுபவர் யார்?’ என்று தொலைபேசியிலேயே கேட்கலாம். இக்கேள்விகள் யாரையும் அவமதிப்பவை அல்ல. ஒழுங்காக நடக்கும் ஆய்வகத்தில் இவற்றுக்கு உடனே விடை கிடைக்கும்.

நீங்களும் சிலவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்கிறீர்களா, இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டுள்ளதா, நீரிழிவு அல்லது தைராய்டு குறை உள்ளதா, கருவுற்றிருக்கிறீர்களா என்பவற்றை முன்கூட்டியே தெரிவியுங்கள். மருத்துவர் சொல்லாமல் எந்த மருந்தையும் நிறுத்தாதீர்கள். சோதனை நாளில் கை கால்களில் எண்ணெயோ களிம்போ தடவ வேண்டாம். பரிந்துரைத்த மருத்துவரின் சீட்டையும் பழைய அறிக்கைகளையும் எடுத்துச் செல்லுங்கள். என்ன ஐயத்துக்காகச் சோதனை எழுதப்பட்டது என்று தெரிந்தால்தான் எந்த நரம்புகளைப் பார்ப்பது என்று முடிவு செய்ய இயலும்.

நாள் கணக்கும் முக்கியம். விபத்தில் நரம்பு காயமுற்றால், ஊசிச் சோதனையில் அதன் அறிகுறிகள் முழுமையாகத் தெரிய ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். எனவே மருத்துவர் சோதனையைத் தள்ளிவைத்தாலோ, மீண்டும் ஒருமுறை செய்யச் சொன்னாலோ அதற்குக் காரணம் இருக்கலாம். அதை அவரிடமே கேட்டறியுங்கள்.

அரசு மருத்துவமனைகளில்

சென்னை இராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் நரம்பியல் நிலையமும், 2023 ஜூன் மாதம் திறக்கப்பட்ட கிண்டி கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனையின் நரம்பியல் துறையும் சிறப்பு மருத்துவர்களைக் கொண்டவை. கலைஞர் கருணாநிதி நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் உடலியல் மருத்துவத் துறைக்குரியது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிந்துரைச் சீட்டு பெற்று, சோதனை நாளை முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு சென்றால் அலைச்சல் குறையும்.

ஐயம் எழுந்தால் எங்கே செல்வது?

முதலில் அறிக்கையை உங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் குறைகளோடு அறிக்கை பொருந்தவில்லை என்றால், மற்றொரு நரம்பியல் மருத்துவரின் கருத்தைக் கேட்கலாம். அறுவைச் சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டிருந்தால் இது மிகவும் பயன்தரும்.

பதிவு பெற்ற மருத்துவரின் நடத்தை பற்றிய முறையீட்டைத் தமிழ்நாடு மருத்துவ மன்றத்துக்கு எழுத்து வடிவில் அனுப்பலாம். மருத்துவரே அல்லாத ஒருவர் மருத்துவராக நடந்துகொண்டால் அது குற்றம். காவல் துறையிடமும், மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநரிடமும் முறையிடலாம். நிறுவனத்தின் பதிவு குறித்த முறையீடும் இணை இயக்குநருக்கே செல்ல வேண்டும். சேவைக் குறைபாட்டால் இழப்பு நேர்ந்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்.

மேற்குப் புறநகர்வாசிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐயப்பன்தாங்கல் காஞ்சிபுரம் மாவட்டம், குன்றத்தூர் வட்டத்தைச் சேர்ந்தது. கிழக்கே போரூர் சென்னை மாநகராட்சியில் உள்ளது. மேற்கே பூந்தமல்லியும், சற்றுத் தொலைவில் ஆவடியும் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. சில பேருந்து நிறுத்தங்களுக்குள் மாவட்டம் மாறிவிடுகிறது. நிறுவனத்தைப் பற்றிய முறையீட்டை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்துக்கு அல்லாமல், சோதனை நடந்த நிறுவனம் அமைந்துள்ள மாவட்டத்தின் இணை இயக்குநருக்கு அனுப்புங்கள். எங்கே அனுப்புவது என்று தெரியாவிட்டால் 104 சுகாதார உதவி எண்ணில் கேட்கலாம்.

சோதனைக்காகக் காத்திருக்கக் கூடாத நிலை

கால்களில் தொடங்கிய தளர்ச்சி சில நாட்களில் மேல்நோக்கி ஏறினால், மூச்சுவிடவோ விழுங்கவோ பேசவோ சிரமம் ஏற்பட்டால், முகம் ஒருபுறம் கோணினால், சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போனால், நரம்புச் சோதனைக்கு நாள் குறித்துக் காத்திருக்காதீர்கள். 108 அவசர ஊர்தியை அழைத்து உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கில்லன் பாரே போன்ற நோயில் முதல் வாரத்தில் கடத்தல் சோதனை இயல்பாகவே வரலாம். அந்த ஒரு காகிதத்தை நம்பி வீட்டில் இருந்துவிடுவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

நினைவில் கொள்ள

நரம்புச் சோதனை அறிக்கையில் இரண்டு பெயர்களைத் தேடுங்கள்: அளந்தவர் பெயர், பொருள் சொன்ன மருத்துவர் பெயர். இரண்டும் ஒருவராகவே இருக்கலாம். மருத்துவர் பெயரோ பதிவு எண்ணோ இல்லாவிட்டால், அந்த அறிக்கையை வைத்து எந்தச் சிகிச்சைக்கும் உடன்படும் முன் கேள்வி கேளுங்கள்.

இப்பக்கம் பொதுத் தகவலுக்கானது. உங்கள் நோய்க்குரிய சிகிச்சை முடிவை உங்கள் மருத்துவருடன் கலந்து எடுக்கவும்.